லம்துவான் நெஞ்சு சொன்ன நம்பர்

சுபாப்பின் தலையில் வலது பக்கம் முடி சுருட்டும் குழல் பதினெட்டு சுற்றியாகிவிட்டது. இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. பத்தொன்பதாவது குழல் கை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த லம்துவான் நிமிர்வதற்குள் நெஞ்சு கிளம்பிவிட்டது.

கிளம்பிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மெல்ல மெல்ல வேகம் பிடிக்கிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து ஏமாந்தால் உள்ளே ஒரு துள்ளல் வருமே, அப்படி ஒன்று வரும். அடுத்த நொடியே தடதடவென்று ஓட்டம். தொண்டைக்குழி துடிக்கும், காது அடைக்கும், கை ஈரமாகும். கால் மணி நேரமோ அரை மணி நேரமோ ஓடிவிட்டு, யாரோ சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி லப்பு டப்பு என்று நல்ல பிள்ளையாக அடிக்கும்.

"என்ன துவான், அரை மண்டையோட நிறுத்திட்டே?" என்றாள் சுபாப்.

"கொஞ்சம் இருங்கக்கா, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

தண்ணீர் குடிக்கப் போனவள் முடி கழுவும் பலகையில் அப்படியே படுத்துவிட்டாள். சுபாப் சந்தையில் மீட்பால் சுட்டு விற்கிறவள். பதினோரு மணிக்கு அடுப்பு மூட்டியாக வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் பதினெட்டுக் குழலோடு சந்தைக்குப் போய்விட்டாள். ஒரு பக்கம் சுருட்டையும் ஒரு பக்கம் நீட்டுமாக இரண்டு நாள் வியாபாரம் செய்தாள். தா மகாம் சந்தை அந்த இரண்டு நாளும் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

லம்துவானுக்கு வயது ஐம்பத்தொன்று. சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் முப்பது வருஷமாக அழகு நிலையம் வைத்திருக்கிறாள். மூன்று நாற்காலி, ஒரு படுக்கைப் பலகை, சுவரில் யாரும் எப்போதும் கேட்காத தலையலங்காரப் படங்கள். கணவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த நெஞ்சோட்டம் தொடங்கி மூன்று வருஷம். யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். கையில் கத்தரியும் சவரக்கத்தியும் பிடிக்கிறவளுக்கு நெஞ்சு சரியில்லை என்று தெரிந்தால் கழுத்தை யார் நீட்டுவார்கள்?

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. ஆறு முறை போனாள். மாவட்ட ஆஸ்பத்திரி மோட்டார் சைக்கிளில் இருபத்தைந்து நிமிடம். ஆறு முறையும் நெஞ்சு வாசல் வரைக்கும் ஓடி, சீட்டு வாங்குகிற வரிசையில் நின்றுவிட்டது. இசிஜி எடுத்துப் பார்த்தால் காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. அங்கே முன்பு இருந்த டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரொம்ப யோசிக்கிறீங்க. வயசு மாறுற நேரம் இப்படித்தான் இருக்கும். நல்லாத் தூங்குங்க."

"யோசிக்க எனக்கு எங்க டாக்டர் நேரம்? காலைல ஏழு மணிக்குக் கடை திறக்கிறேன்."

"பாருங்க, இப்பவே படபடக்கிறீங்க," என்றார் அவர். வாயை மூடிக்கொண்டு மாத்திரையை வாங்கி வந்தாள். அந்த மாத்திரையைப் போட்டால் தூக்கம் வந்தது, நெஞ்சோட்டமும் வந்தது.

பிறகு அரிசரா என்ற இளம் பெண் டாக்டர் வந்தாள். அவள் சிரிக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "பெரியம்மா, நீங்க சொல்றதை நான் நம்பறேன்" என்றாள். பெரியம்மா என்றது கொஞ்சம் உறுத்தினாலும் நம்பறேன் என்றது இதமாக இருந்தது. "ஆனா நான் நம்பினா மட்டும் போதாது. இதைச் சரி பண்ற டாக்டருங்க பாங்காக்ல பெரிய ஆஸ்பத்திரியில இருக்காங்க. உங்க மருத்துவ அட்டையில அங்க இலவசமாப் பார்க்கணும்னா நான் அனுப்புச் சீட்டு எழுதணும். சீட்டு எழுதணும்னா ஏதாவது ஒரு ஆதாரம் வேணும். நெஞ்சு ஓடுறப்போ வாங்க."

"அது வர்றப்போ நான் கிளம்பறேன். நான் வர்றப்போ அது கிளம்பிடுதே டாக்டர்!"



இப்படி இருக்கும்போதுதான் புன்லெட் வந்தார். பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்தச் சந்துக்குச் சுகாதாரத் தொண்டர். மாதம் ஒரு முறை பிரஷர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார். கடமையில் பிசகாதவர். அதைவிடப் பிசகாமல் மாதம் இரண்டு முறை, ஒன்றாம் தேதிக்கும் பதினாறாம் தேதிக்கும், லாட்டரி வாங்குவார். எந்த மரத்தில் எந்த எண் தெரிகிறது, எந்த ஊரில் இரட்டைத் தலைப் பல்லி பிறந்தது என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும்.

அன்று பதினான்காம் தேதி. லம்துவான் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினார். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் நழுவிய துண்டை எடுக்கக் குனிந்தாள். நெஞ்சு கிளம்பியது. மெஷின் உர்ரென்று காற்றை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, கடைசியில் தப்பு என்பதற்கு 'E' என்ற ஆங்கில எழுத்தைக் காட்டியது.

"இதைத் திருப்பிப் பார்த்தா மூணு," என்றார் புன்லெட், பழக்க தோஷத்தில்.

"அண்ணே, எனக்கு நெஞ்சு ஓடுது, நீங்க மூணுங்கறீங்க!"

மறுபடி அழுத்தினார். மேலே இரண்டு எண், கீழே நாடித்துடிப்பு: நூற்றெண்பத்தேழு. புன்லெட்டின் கண் விரிந்தது. நாற்பது வருஷமாகத் தாமரைக் குளத்திலும் வாழைப்பூவிலும் தேடிய எண், இதோ வெளிச்சம் போட்டுத் துடித்துக்கொண்டிருக்கிறது. கை தானாகப் பென்சிலைத் தேடியது.

பதினாறாம் தேதி மதியம் குலுக்கலில் கடைசி இரண்டு எண் எண்பத்தேழு விழுந்தது. புன்லெட் வாங்கியிருந்த சீட்டும் எண்பத்தேழுதான்.

புன்லெட் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவியிடம் மட்டும்தான் சொன்னார். சாயங்காலத்துக்குள் சந்தைக்கே தெரிந்துவிட்டது. லம்துவான் மூன்று வருஷமாகக் கட்டிக் காத்த ரகசியம் அப்படி வெளியே வந்தது. அவள் பயந்தபடி ஒருவரும் ஓடிப் போகவில்லை. வரிசை கட்டி வந்தார்கள்.

அதற்குப் பிறகு கடையில் உட்கார இடமில்லை. முடி இல்லாதவர்கள்கூட முடி கழுவ வந்தார்கள். பிரஷர் மெஷின் கண்ணாடி மேடையிலேயே குடியேறிவிட்டது. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தால், படுக்கைப் பலகையின் தலைமாட்டில் மூடி திறந்த சிவப்புச் சோடா ஒன்று உறிஞ்சுகுழலோடு நின்றது. சந்தி முனை ஆவிக்கு வைப்பது போல யாரோ பக்தியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னொரு நாள் ஒருத்தி லம்துவானின் மணிக்கட்டில் பவுடர் தடவி, எண் தெரிகிறதா என்று தேய்த்துப் பார்த்தாள்.

"நான் என்ன கோயில் மரமா?" என்று கையை உதறினாள் லம்துவான்.

"கோவிச்சுக்காதே துவான். மரத்துக்கு இவ்வளவு வாய் இல்லைங்கிறதைத் தவிர வேற வித்தியாசம் இல்ல," என்றாள் சுபாப்.

நெஞ்சு ஓட ஆரம்பித்தால் போதும். ஒருத்தர் பட்டையைச் சுற்றுவார், ஒருத்தர் கைபேசியில் படம் பிடிப்பார், புன்லெட் நோட்டைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். துடிப்பு மூன்று இலக்கம். ஓடின நிமிடம் இரண்டு இலக்கம். ஆகவே ஆரம்பித்த நேரமும் நின்ற நேரமும் மிக முக்கியம். "அசையாதக்கா, எண் நிக்கட்டும்" என்பார்கள். நின்றதும் புன்லெட் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்தால் அது வாங்க வேண்டிய எண் என்று அர்த்தம்.

ஏழு மாதம் இந்தக் கூத்து நடந்தது. எண்பத்தேழுக்குப் பிறகு ஒன்றுகூட விழவில்லை. அதனால் என்ன? துடிப்பு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று தொண்ணூற்றிரண்டு வாங்கினால் இருபத்தொன்பது வரும். "பாத்தியா, திரும்பி நின்னுடுச்சு!" என்று மார்தட்டிக்கொள்வார்கள். எப்போதும் மயிரிழையில்தான் தோற்பார்கள், அடுத்த முறைக்குக் காத்திருப்பார்கள்.

லம்துவானுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. வியாபாரமும் கொழித்தது, பொய் சொல்வானேன். போகப் போக உள்ளே ஏதோ கசந்தது. நெஞ்சு அறுபட்ட கோழி மாதிரி துடிக்கும்போது சுற்றி நிற்கும் பத்து முகமும் அவள் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்தால் எப்படி இருக்கும்? பத்துப் பேர் நடுவில் அவள் தனியாகச் செத்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

ஏழாவது மாதம் பதினைந்தாம் தேதி, மறுநாள் குலுக்கல். காலையிலேயே கடை நிறைந்திருந்தது. சுபாப்பின் பின்கழுத்து முடியைச் சவரக்கத்தியால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள் லம்துவான். துள்ளல் வந்தது. ஓட்டம் பிடித்தது. இந்த முறை கண்ணும் இருண்டது. கத்தி சுபாப்பின் தோளில் ஒரு கீறல் போட்டுவிட்டுத் தரையில் விழுந்தது. லம்துவானும் விழுந்தாள்.

பட்டையைச் சுற்றினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. இவ்வளவு பெரிய எண் இதுவரை வந்ததே இல்லை. லம்துவான் கண்ணை மூடிக்கொண்டாள். ஆகா என்ற சத்தத்துக்குக் காத்திருந்தாள். அது காதில் விழவில்லை. காது அடைத்திருந்ததால் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"தூக்கு, தூக்கு! என் வண்டில போடு!" என்றது சுபாப்பின் குரல்.

சுபாப்பின் வண்டி மோட்டார் சைக்கிளோடு பக்கவாட்டில் தட்டுப் பூட்டியது. தட்டில் மீட்பால் சுடும் அடுப்பு. அதை ஒரு ஓரமாகத் தள்ளி, இன்னொரு ஓரத்தில் லம்துவானை உட்கார வைத்தார்கள். சுபாப் தோளில் ரத்தம் ஒழுக ஓட்டினாள். பின்னால் புன்லெட், ஒரு கையால் லம்துவானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் நோட்டோடு. வழியில் ரயில் கேட் மூடிவிட்டது. சரக்கு வண்டி ஒன்று ஊர்வலம் மாதிரி போயிற்று.

"இந்த நேரத்துக்குத்தான் போவணுமாடா உனக்கு!" என்று சுபாப் ரயிலைத் திட்டிக்கொண்டே இருந்தாள். ரயில் டிரைவரின் மூன்று தலைமுறையும் அந்தத் திட்டில் வந்துபோனது.

ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. வளைவுக்குள் வண்டி நுழைந்தது. லம்துவானுக்கு உள்ளே ஒரு தடுக்கல். நின்றுவிட்டது.

லப்பு, டப்பு.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. திரும்பிப் பார்த்தாள். புன்லெட் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நான் சாகறப்பவும் எழுதுவீங்களா அண்ணே? என் சாம்பல்லயும் பவுடரைத் தடவிப் பாப்பீங்களா?"

 புன்லெட் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

உள்ளே வழக்கம்போல இசிஜி எடுத்தார்கள். வழக்கம்போல ஒரு குறையும் இல்லை. அரிசரா காகிதத்தைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"எப்ப ஆரம்பிச்சது பெரியம்மா? எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் தரையில கிடந்தேன்." லம்துவானுக்குக் குரல் உடைந்தது. "விடுங்க டாக்டர். ஏழாவது தடவை. இனிமே வரமாட்டேன். இன்னிக்கு இவங்க தோளைக் கீறினேன், நாளைக்கு யார் கழுத்தையாவது அறுத்துடுவேன். கடையை மூடிட்டு வீட்ல படுத்துக்கறேன்."

"பத்து பன்னிரண்டு," என்றது கதவோரம் ஒரு குரல். புன்லெட். "பத்து பன்னிரண்டுக்கு ஆரம்பிச்சது டாக்டர். வாசல் வளைவுல பதினொண்ணுக்கு நின்னது. நாப்பத்தெட்டு நிமிஷம். துடிப்பு இருநூத்திப் பன்னிரண்டு."

அரிசரா நிமிர்ந்தாள். "எப்படிச் சொல்றீங்க மாமா?"

புன்லெட் திருட்டுப் பொருளை எடுப்பவர் மாதிரி நோட்டை எடுத்தார். லாட்டரிச் சீட்டு விவகாரம் அரசு ஆஸ்பத்திரிக்குள் வரலாமா என்ற பயம் அவருக்கு. அரிசரா வாங்கிப் புரட்டினாள். ஒரு பக்கம் புரட்டினாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள், மறுபடி முதல் பக்கத்துக்கே போனாள்.

இருபத்துநான்கு வரி. ஒவ்வொன்றிலும் தேதி, ஆரம்பித்த மணி, நின்ற மணி, துடிப்பு. அதோடு விட்டாரா மனுஷன்? எந்த அறிகுறியில் எண் ஒளிந்திருக்கிறதோ என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள், யார் நாற்காலியில் இருந்தார்கள், அந்த நொடியில் என்ன செய்தாள், எதைச் செய்ததும் நின்றது.

"குனிந்தாள்," என்று அரிசரா சத்தமாகப் படித்தாள். "குனிந்தாள். குனிந்தாள். துண்டை எடுக்கக் குனிந்தாள். இருபத்துநாலுல பதினாறு தடவை குனிஞ்சப்போ. ஐஸ் தண்ணி குடிச்சதும் நின்றது. தும்மினதும் நின்றது. ஐஸ் தண்ணி. இது என்ன, தேக்குல ஆணி அடிக்கிற மாதிரி ஒரே சீராத் துடிக்கிறது?"

"மணிக்கட்டைப் பிடிச்சுப் பாத்தேன் டாக்டர். மெஷின் தப்பாச் சொல்லிடக் கூடாதில்ல, எத்தனை பேர் நம்பிக் கட்டறாங்க... இல்ல, எத்தனை பேர் நம்பி இருக்காங்க."

"போட்டோவும் இருக்கு டாக்டரம்மா," என்று சுபாப் தன் கைபேசியை நீட்டினாள். "மெஷினோட, தேதியோட. என்கிட்ட பதினேழு. சந்துல இன்னும் கேட்டா அள்ளிக் குடுப்பாங்க."

அரிசரா சிரித்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் லம்துவான் பார்த்த இரண்டாவது டாக்டர் சிரிப்பு. இது வேறு ஜாதி. "என் வார்டுல ஒரு நோயாளிக்குக்கூட இப்படி ஒரு குறிப்பு இல்ல மாமா. இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யார் சொல்லிக் குடுப்பாங்க டாக்டர்? ஆசைதான்."

அரிசரா கடைசி வரிக்கு வந்தாள். விரலை அதன்மேல் வைத்தாள். "எல்லாத்தையும் சுத்திச் சிவப்பு வட்டம் போட்டிருக்கீங்க. இதுக்கு மட்டும் இல்லையே? நாளைக்குக் குலுக்கலாச்சே மாமா. இதுவரைக்கும் வந்ததுல இதான் பெரிய நம்பர்."

புன்லெட் தரையைப் பார்த்தார்.

"அதுக்கு வட்டம் போடக் கை வரல டாக்டர். கடையில யாரும் குறிச்சுக்கவே இல்ல. இவ தரையில கிடக்கா, உதடு வெளுத்துப் போச்சு. அந்த நம்பரை வெச்சு எவன் வாங்குவான்? நேரமும் துடிப்பும் மட்டும்தான் எழுதினேன். உங்ககிட்ட சொல்லணுமேன்னு."

 லம்துவான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் அவரைப் பார்த்து என்னவெல்லாம் சொன்னோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுபாப் மூக்கை உறிஞ்சினாள். தோள் எரிகிறது என்று காரணம் சொன்னாள். அரிசரா மேசை இழுப்பறையைத் திறந்து அனுப்புச் சீட்டுக் கட்டை எடுத்தாள்.

பாங்காக்கில் தொடை ரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பியை விட்டு, நெஞ்சுக்குள் கூடுதலாக முளைத்திருந்த குறுக்குப் பாதையைச் சுட்டு மூடினார்கள். அதற்கு முன் அவர்களே வேண்டுமென்று நெஞ்சை ஓட வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருஷம் டாக்டர் தலையைக் கண்டாலே ஒளிந்துகொண்டது, அங்கே ஐந்து டாக்டர்கள் முன்னால் பேய் ஓட்டம் ஓடியது. அரை மயக்கத்தில் கிடந்த லம்துவான், "துடிப்பு எத்தனை, டாக்டர்?" என்று கேட்டாள். எதற்கு என்றார்கள். "ஊர்ல கேப்பாங்க" என்றாள்.

திரும்பி வந்த அன்று கடை நிறைந்திருந்தது. தலைமாட்டில் புதுச் சிவப்புச் சோடா. கண்ணாடி மேடையில் மெஷின் மட்டும் இல்லை. புன்லெட் அதைப் பைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எடுக்கட்டுமா என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

லம்துவான் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "என்ன அண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? சுத்துங்க."

முதலில் அவளைக் குனியச் சொன்னார்கள். குனிந்தாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. துண்டை எடுத்தாள், குழலை எடுத்தாள். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இந்த முறை பத்து முகமும் அவள் முகத்தைத்தான் பார்த்தன. அது லம்துவானுக்குத் தெரிந்தது. மெஷின் உர்ரென்று ஏறி இறங்கியது.

எழுபத்தாறு.

"ரெண்டு இலக்கம்தானா?" என்றாள் சுபாப், மனசு தாங்காமல். பிறகு தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டு லம்துவானைக் கட்டிப் பிடித்து அழுதாள்.

புன்லெட் நோட்டில் இருபத்தைந்தாவது வரியை எழுதினார். எழுபத்தாறு. சிவப்புப் பென்சில் காதில் இருந்தது. கை அதுவரை போய்த் திரும்பி வந்தது. லம்துவான் எட்டி அந்தப் பென்சிலை உருவினாள். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, எழுபத்தாறைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு சீட்டுகூட வாங்காதவள் அவள்.

"எனக்கும் ஒண்ணு வாங்கிடுங்க அண்ணே."

சந்து முழுவதும் எழுபத்தாறு வாங்கியது. ஒன்றாம் தேதி மதியம் ரேடியோவைச் சுற்றிக் கூடினார்கள். விழுந்தது அறுபத்தேழு.

"திரும்பி நின்னுடுச்சு!" என்று முதலில் கத்தியது லம்துவான்தான். கடை அதிர்ந்தது. ஒருவர் முகத்திலும் தோற்ற களை இல்லை. அவள் சிவப்புச் சோடாவை எடுத்து, உறிஞ்சுகுழலில் வாய் வைத்து ஒரே இழுப்பில் பாதியைக் குடித்தாள்.

"அடியே, அது ஆவிக்கு வெச்சதுடி!"

"என் தலைமாட்டுல வெச்சா நான்தான் குடிப்பேன். உக்காருங்கக்கா," என்று சுபாப்பை நாற்காலியில் அழுத்தினாள். "இன்னிக்கு ரெண்டு பக்கமும் சுருட்டி விடறேன்."